சுவிட்சர்லாந்து போறீங்களா? டிராவல் பாஸ் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!



நம்ம சேனலில் எஸ்ஐபி, டெர்ம் இன்ஷூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட்னு நிறைய பேசியிருக்கோம். போன மாசம் "வெளிநாட்டு டிரிப்புக்கு எப்படிச் சேமிக்கணும்?"னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் இருந்தது. "அண்ணா, சுவிட்சர்லாந்து போறோம். சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?"

வீடியோவில் ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போற விஷயம் இல்லை இது. பேப்பர், பேனா எடுத்துப் போட வேண்டிய கணக்கு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். இந்தக் கணக்கை நான் போடாம போய், ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சுமார் 32,000 ரூபாய் அதிகமா செலவு பண்ணவன். வருஷம் முழுக்க எக்ஸ்பென்ஸ் ரேஷியோவில் 0.5% மிச்சம் பண்ணுங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்ற ஆள், ஒரே கிளிக்ல அவ்வளவு பணத்தை விட்டேன். எப்படின்னு வரிசையா சொல்றேன்.

குறிப்பு: இங்க இருக்கிற பாஸ் விலைகள் 2024-ல் இருந்தவை. ஒரு சுவிஸ் பிராங்க் 100 ரூபாய்னு கணக்குக்கு வசதியா வெச்சிருக்கேன். நீங்க புக் பண்ற நாளில் இருக்கிற விலையையும், அன்னைக்கு இருக்கிற மாற்று விகிதத்தையும் போட்டுக்கோங்க. எண் மாறும், கணக்குப் போடுற முறை மாறாது.

முதல்ல, அங்க போய்ச் சேர்றது எப்படி?

சென்னையிலிருந்து சூரிக்குக்கு நேரடி விமானம் கிடையாது. நம்ம முன்னாடி பொதுவா மூணு வழி இருக்கு.

1. துபாய், தோஹா, அபுதாபி மாதிரி வளைகுடா நகரத்துல மாறி சூரிக் போறது. சென்னைக்காரங்க அதிகம் எடுக்கிற வழி இதுதான்.

2. மும்பை அல்லது டெல்லி போய், அங்கிருந்து சுவிஸ் ஏர்லைன்ஸ்ல நேரடியா சூரிக் போறது. இதுல உள்நாட்டு டிக்கெட்டைத் தனியா வாங்கினா ஒரு ரிஸ்க் இருக்கு. முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவது விமானத்தை விட்டுட்டா, அந்த நஷ்டம் உங்க தலையில். ரெண்டும் ஒரே புக்கிங்ல இருந்தா, அடுத்த விமானத்துல ஏத்தி விடுறது ஏர்லைன் பொறுப்பு.

3. இத்தாலியில் இருக்கிற மிலான் நகரத்துல இறங்கி, ரயிலில் சுவிட்சர்லாந்து போறது. மிலானிலிருந்து சூரிக்குக்கு ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் இந்தப் பாதையில்தான் இருக்கு. உலகத்துலயே நீளமான ரயில் சுரங்கம் அது.

மூணாவது வழியில் டிக்கெட் சில நேரம் 6,000, 7,000 ரூபாய் குறைவா தெரியும். உடனே புக் பண்ணிடாதீங்க. மல்பென்சா விமான நிலையத்திலிருந்து மிலான் நகருக்குள் போகவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குத் தனி டிக்கெட். அப்புறம் மிலான் டு சூரிக் ரயில் டிக்கெட். ராத்திரி லேட்டா இறங்கினா மிலானில் ஒரு நாள் ரூம் வாடகை. எல்லாத்தையும் கூட்டினா மிச்சம் காணாமப் போயிடும். மிலானையும் சுத்திப் பார்க்கிற ஐடியா இருந்தா மட்டும், மிலானில் இறங்கி சூரிக்கிலிருந்து திரும்புற மாதிரி டிக்கெட் பாருங்க.

விசா விஷயத்துலயும் ஒரு சின்னக் கவனம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனா ஷெங்கன் பகுதியில் இருக்கு. அதனால ஒரே ஷெங்கன் விசாவில் இத்தாலியும் போகலாம், சுவிட்சர்லாந்தும் போகலாம். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ, அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். விசா கட்டணம் 2024 ஜூன் மாசத்துல பெரியவங்களுக்கு 80 யூரோவிலிருந்து 90 யூரோவா ஏறிடுச்சு. குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் கவரேஜ் இருக்கிற டிராவல் இன்ஷூரன்ஸும் கட்டாயம். பட்ஜெட் போடும்போது இந்த ரெண்டையும் மறந்துடாதீங்க.

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கு. டாக்ஸி பக்கம் போகவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல ஊரின் மெயின் ஸ்டேஷனில் இருப்பீங்க.

உள்ளே சுத்துறதுக்கு என்னென்ன வழி?

சுவிட்சர்லாந்தில் ரயில், பஸ், படகு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நேரம் பொருத்தி ஓடுது. 1982-லிருந்தே நாடு முழுக்க ஒரே தாளத்தில் டைம்டேபிள் போட்டிருக்காங்க. மெயின் ஊர்களுக்கு நடுவே அரை மணிக்கோ, ஒரு மணிக்கோ ஒரு ரயில் கண்டிப்பா இருக்கும். ரயில் வந்து நின்னதும் வெளிய பஸ் தயாரா நிக்கும். அதனால "கார் இல்லாம எப்படி?"ங்கிற பயம் வேண்டாம்.

டிக்கெட் வாங்க நமக்கு அஞ்சு வழி இருக்கு.

ஒண்ணு, முழு விலை டிக்கெட். அன்னைக்கு எந்த ரயிலில் வேணும்னாலும் ஏறலாம். வழியில் இருக்கிற ஊரில் இறங்கிப் பார்த்துட்டு, அதே நாள் அடுத்த ரயிலில் தொடரலாம். இந்த வசதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் பணமா மாறப் போகுது.

ரெண்டு, சூப்பர்சேவர் டிக்கெட். ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். முன்கூட்டியே வாங்கினா 70% வரைக்கும் தள்ளுபடி கிடைக்கலாம். நீங்க தூங்கிட்டு ரயிலை விட்டா, டிக்கெட் காலி.

மூணு, ஹாஃப் ஃபேர் கார்டு. 120 பிராங்க் கட்டினா ஒரு மாசத்துக்கு ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில் எல்லாம் பாதி விலை.

நாலு, சேவர் டே பாஸ். ஒரு நாள் முழுக்க நாடு பூரா சுத்தலாம். முன்கூட்டியே எடுத்தா 52 பிராங்கிலிருந்து கிடைக்கும். கையில் ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தா 29 பிராங்கிலிருந்து. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

அஞ்சு, சுவிஸ் டிராவல் பாஸ். 3, 4, 6, 8, 15 நாள்னு கிடைக்கும். ரயில், பஸ், படகு, 90-க்கும் மேற்பட்ட ஊர்களில் டிராம், பஸ், 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் இதுக்குள்ளே வந்துடும். ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் மலைகளுக்கும் தனிக் காசு கிடையாது.

அஞ்சாவதைப் படிச்சதும் "இதையே வாங்கிடலாமே!"னு தோணுதில்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

நான் பண்ண தப்பு

கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு, 2024-ல் நானும் மனைவியும் போனோம். அதுக்காகவே தனியா ஆர்டி போட்டுச் சேர்த்த பணம். கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னாடி, ஆபீஸ்ல மாசக் கடைசி வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, பார்த்த ரெண்டு மூணு டிராவல் வீடியோவில் "கண்ணை மூடிக்கிட்டு பாஸ் வாங்குங்க"ன்னு சொன்னதை நம்பி, ரெண்டு பேருக்கும் 8 நாள் பாஸ் எடுத்துட்டேன். ஒருத்தருக்கு 419 பிராங்க்.

எங்க பிளான் 7 நாள். 7 நாளுக்குன்னு பாஸ் கிடையாது, அதனால 8. அங்கேயே முதல் ஓட்டை.

மூணாவது நாள் இன்டர்லாக்கன் போயிட்டோம். அடுத்த நாள் யுங்ஃப்ராயோக். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம், 1912-லிருந்து ஓடுது. என் மனைவி சின்ன வயசுலேர்ந்து பார்க்கணும்னு ஆசைப்பட்ட பனி. கவுன்டரில் பாஸைக் காட்டினேன். அங்க இருந்த அம்மா பொறுமையா விளக்கினாங்க. பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைக்கும்தான் செல்லும். அதுக்கு மேலே 25% தள்ளுபடி மட்டும்தான். மிச்சத்தைக் கட்டணும். ஒருத்தருக்குச் சுமார் 160 பிராங்க். ரெண்டு பேருக்கும் 32,000 ரூபாய்.

பக்கத்துல நின்ன ஒரு குடும்பம் ஹாஃப் ஃபேர் கார்டைக் காட்டிப் பாதி விலைக்கு வாங்கிட்டுப் போனாங்க. 120 பிராங்க் கார்டுக்கு 50% தள்ளுபடி. 419 பிராங்க் பாஸுக்கு 25% தள்ளுபடி.

மனைவி என்னைப் பார்த்து ஒண்ணும் சொல்லலை. "பரவாயில்லை, நாம இன்னைக்குப் போக வேண்டாம், கீழேயே சுத்துவோம்"னு மட்டும் சொன்னாங்க. அதுதான் ரொம்ப வலிச்சது. மூணு வருஷமா சேர்த்த ஆசை, என் அவசரத்தால கவுன்டர் முன்னாடி பேரம் பேசுற நிலைக்கு வந்துடுச்சு. கடைசியில் போனோம். மேலே பனியில் நின்னு அவங்க சிரிச்ச போட்டோ இப்பவும் என் போன் வால்பேப்பர். ஆனா அந்தக் கணக்கு மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. ரூமுக்கு வந்ததும் முதல் வேலையா உட்கார்ந்து போட்டேன்.

கணக்கு 1: நாங்க போன பயணம்

எல்லாம் ஒருத்தருக்கு, ரெண்டாம் வகுப்பு, முழு விலை. சில்லறையை ரவுண்ட் பண்ணியிருக்கேன்.

நாள் 1: சூரிக் விமான நிலையம் - லுசெர்ன்: 32
நாள் 2: லுசெர்னிலிருந்து படகு, மலை ரயிலில் ரிகி போய்த் திரும்ப: 120
நாள் 3: லுசெர்ன் - இன்டர்லாக்கன்: 34
நாள் 4: இன்டர்லாக்கன் - யுங்ஃப்ராயோக் போய்த் திரும்ப: 240
நாள் 5: லாட்டர்புருன்னன் பக்கம் சின்னச் சின்னப் பயணங்கள்: 30
நாள் 6: பெர்ன் போய்த் திரும்ப: 62
நாள் 7: இன்டர்லாக்கன் - சூரிக் விமான நிலையம்: 78
மொத்தம்: 596 பிராங்க்

இப்போ மூணு வழியையும் ஒப்பிடலாம்.

முழு விலை டிக்கெட்: 596
ஹாஃப் ஃபேர் கார்டு: 120 + 298 = 418
8 நாள் டிராவல் பாஸ்: 419 + யுங்ஃப்ராயோக் மிச்சக் காசு 162 = 581

வித்தியாசம் 163 பிராங்க். ரெண்டு பேருக்கு 326. நம்ம பணத்துல 32,600 ரூபாய்.

முழு விலையோட ஒப்பிட்டா பாஸ் எனக்கு 15 பிராங்க் லாபம்தான். அதனால "பாஸ் வாங்கினது நஷ்டம் இல்லையே"ன்னு மனசு சமாதானம் சொல்லும். இங்கதான் நாம ஏமாறுறோம். ஒரு முதலீட்டை எஃப்டியோட ஒப்பிடாம, பீரோவில் வெச்ச பணத்தோட ஒப்பிட்டு "லாபம்"னு சொல்ற மாதிரி அது. நம்ம கையில் இருந்த அடுத்த நல்ல வழியோட ஒப்பிடணும்.

ஐந்தாவது நாள் மழை வேற. பாதி நாள் ரூமிலேயே உட்கார்ந்து கொண்டுபோன ரெடிமேட் உப்புமா சாப்பிட்டோம். பாஸ் தொடர்ச்சியான நாட்களுக்குத்தான். நீங்க வெளிய போனாலும் போகலைன்னாலும் அன்னைக்கான காசு ஓடும். ஹாஃப் ஃபேர் கார்டில் வெளிய போகாத நாளுக்குச் செலவே இல்லை. விட்டு விட்டுப் பயன்படுத்துற ஃப்ளெக்ஸ் பாஸும் இருக்கு, ஆனா அதுக்கு விலை கொஞ்சம் அதிகம்.

கணக்கு 2: பாஸ் ஜெயிக்கிற பயணம்

பாஸ் எப்பவுமே வேண்டாம்னு நான் சொல்லலை. தினமும் ஊர் மாறி ஊர் போறவங்களுக்கு அது சரியா வரும். 8 நாளில் இப்படி ஒரு பயணம் வெச்சுக்கோங்க.

சூரிக் - லுசெர்ன் 32, ரிகி 120, லுசெர்ன் - இன்டர்லாக்கன் 34, ஏரிகளில் நாள் முழுக்கப் படகு 70, இன்டர்லாக்கன் - மான்ட்ரோ 65, மான்ட்ரோ - செர்மாட் 75, செர்மாட் - செயின்ட் மோரிட்ஸ் 159, செயின்ட் மோரிட்ஸ் - சூரிக் 80.

மொத்தம்: 635 பிராங்க்.

ஹாஃப் ஃபேர் கார்டு: 120 + 317.50 = 437.50
8 நாள் பாஸ்: 419

இங்க பாஸ் 18 பிராங்க் குறைவு. கூடவே ஊருக்குள் டிராம், அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்துடும். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்கிற வேலையும் இல்லை. இவ்வளவு ஓடினாலும் வித்தியாசம் 18 பிராங்க்தான்ங்கிறதையும் கவனிங்க.

ஒரு எச்சரிக்கை. செர்மாட் - செயின்ட் மோரிட்ஸ் நடுவே ஓடுற கிளேசியர் எக்ஸ்பிரஸ், குர் - டிரானோ பாதையில் ஓடுற பெர்னினா எக்ஸ்பிரஸ் ரெண்டுலயும் சீட் ரிசர்வேஷன் கட்டாயம். பாஸ் இருந்தாலும் அதுக்குத் தனிக் காசு. செலவைக் குறைக்கணும்னா அதே தண்டவாளத்தில் ஓடுற சாதாரண ரயிலில் போகலாம், ரிசர்வேஷன் வேண்டாம். நடுவில் மாற வேண்டியிருக்கும், ஆனா ஜன்னலுக்கு வெளிய இருக்கிறது அதே மலைதான்.

ஒரே வரி ஃபார்முலா

பாஸ் முழுசா கவர் பண்ற பயணங்களின் முழு விலையை மட்டும் கூட்டுங்க. அந்தத் தொகை, பாஸ் விலைக்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தைப் போல ரெண்டு மடங்கைத் தாண்டினா பாஸ். தாண்டலைன்னா ஹாஃப் ஃபேர் கார்டு.

3 நாள் பாஸ் 244: தாண்ட வேண்டியது 248
4 நாள் பாஸ் 295: தாண்ட வேண்டியது 350
6 நாள் பாஸ் 379: தாண்ட வேண்டியது 518
8 நாள் பாஸ் 419: தாண்ட வேண்டியது 598
15 நாள் பாஸ் 459: தாண்ட வேண்டியது 678

ஒரு நாளுக்கு வகுத்துப் பாருங்க. 3, 4, 6 நாள் பாஸ் எடுத்தா தினமும் சுமார் 83 முதல் 88 பிராங்க் அளவுக்குச் சுத்தணும். 8 நாள் பாஸுக்கு 75. 15 நாள் பாஸுக்கு வெறும் 45. நாள் கூடக் கூட பாஸுக்கு மதிப்பு ஏறுது. ஆனா சம்பளக்காரங்களுக்கு லீவு கிடைக்கிறதே ஒரு வாரம்தானே! நம்மள்ல பெரும்பாலானவங்க, பாஸ் ஜெயிக்கக் கஷ்டப்படுற அந்த 6, 8 நாள் கட்டத்துலதான் மாட்டுறோம்.

யுங்ஃப்ராயோக் மாதிரி பாஸுக்குக் குறைவான தள்ளுபடி தர்ற மலை உங்க லிஸ்ட்ல இருந்தா, முள் இன்னும் ஹாஃப் ஃபேர் கார்டு பக்கம் சாயும். டிட்லிஸ், பிலாட்டஸ் மலைகளுக்கு ரெண்டுலயும் 50% என்பதால், அங்க வித்தியாசம் இல்லை.

முழு விலை டிக்கெட்டோட ஒப்பிட்டா, மொத்தப் பயணம் 240 பிராங்கைத் தாண்டினாலே ஹாஃப் ஃபேர் கார்டு லாபம். அதுக்குக் கீழேன்னா ரெண்டும் வேண்டாம், சூப்பர்சேவர் மட்டும் பாருங்க.

வயசு 25-க்குக் கீழே இருக்கிறவங்க கவனிங்க. உங்களுக்கு யூத் பாஸ் இருக்கு, சுமார் 30% குறைவு. 8 நாள் பாஸ் கிட்டத்தட்ட 300 பிராங்குக்கு வந்துடும். அப்போ தாண்ட வேண்டிய தொகை 598 இல்லை, சுமார் 360தான். முதல் வேலையில் சேர்ந்த தம்பி, தங்கைகளுக்குப் பாஸ் நிஜமாவே நல்ல டீலா இருக்கலாம்.

கார் எடுத்தா என்ன?

நாலு பேர் சேர்ந்து போறீங்கன்னா கார் வாடகை யோசிக்கலாம். ஆனா வாடகையோட முடியாது. நெடுஞ்சாலைக்கு வருஷ விக்னெட் 40 பிராங்க், அங்கேயே எடுத்த வாடகைக் காரில் பொதுவா ஏற்கெனவே இருக்கும். பெட்ரோல், பார்க்கிங், இன்ஷூரன்ஸ் தனி. நம்ம ஊர் ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் எடுத்துக்கிறது நல்லது, வாடகை நிறுவனங்கள் கேட்கலாம். வண்டி வலது பக்கம் ஓட்டணும். ஊருக்குள் 50, நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர்தான் வேக எல்லை, மீறினா அபராதம் பலமா இருக்கும்.

செர்மாட், வெங்கன், மியூரன் மாதிரி ஊர்களுக்குள் நம்ம காரை விடவே மாட்டாங்க. செர்மாட் போகணும்னா டேஷ்ல காரை நிறுத்திட்டு, காசு கொடுத்து ரயில் ஏறணும். ரெண்டு பேருக்குக் கார் எடுக்கிறது தேவையில்லாத செலவுன்னுதான் சொல்வேன்.

ஃப்ளிக்ஸ்பஸ் பத்தியும் கேட்டிருந்தீங்க. மிலான், மியூனிக் மாதிரி வெளிநாட்டு ஊர்களுக்குப் போய்வர மலிவான வழி அது. ஆனா சுவிட்சர்லாந்துக்குள்ளேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அதில் டிக்கெட் எடுக்க முடியாது.

சின்னச் சின்ன மிச்சம்

ஹோட்டல் கார்டு: பாசல், பெர்ன், ஜெனீவா, இன்டர்லாக்கன் மாதிரி ஊர்களில் ஹோட்டலில் தங்கினா, உள்ளூர் பஸ்ஸில் இலவசமா போக கெஸ்ட் கார்டு கொடுப்பாங்க. டிச்சீனோ மாநிலத்துலயும் உண்டு. செக்-இன் பண்ணும்போது கேளுங்க.

வழியில் இறங்குறது: முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? இன்டர்லாக்கனிலிருந்து சூரிக் போற ரயில் பாதை பெர்ன் வழியாத்தான். ஆறாவது நாள் தனியா 62 பிராங்க் போட்டு பெர்ன் போய்த் திரும்பாம, ஏழாவது நாள் வழியில் இறங்கி, ஸ்டேஷன் லாக்கரில் பெட்டியை வெச்சுட்டு ஊரைப் பார்த்திருக்கலாம். அப்போ எங்க மொத்தம் 596-லிருந்து 534. ஹாஃப் ஃபேர் கார்டில் 387 பிராங்க்தான். நான் செலவு பண்ணதோ 581.

டிக்கெட் சோதனை: ஸ்டேஷனில் நம்ம மெட்ரோ மாதிரி கேட் இருக்காது. அதனால யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, ரயிலுக்குள் வருவாங்க. டிக்கெட்டை ரயில் கிளம்புறதுக்கு முன்னாடி வாங்கியிருக்கணும். எஸ்பிபி மொபைல் ஆப்பிலேயே டைம்டேபிள், டிக்கெட் ரெண்டும் இருக்கு. ஹாஃப் ஃபேர் கார்டு, பாஸ்போர்ட் ரெண்டும் கையில் இருக்கட்டும்.

பணம் கட்டுறதுலயும் ஓட்டை இருக்கு

சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரைக்கும் மார்க்கப் இருக்கும். அதுமேல 18% ஜிஎஸ்டி. ஒரு லட்சம் தேய்ச்சா 3,500 + 630 = 4,130 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத அல்லது குறைவான கார்டைக் கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பாருங்க.

மெஷினில் "ரூபாயில் கட்டலாமா, பிராங்கில் கட்டலாமா?"னு கேட்டா பிராங்கையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா, மாற்று விகிதத்தை அந்தக் கடைக்காரரோட வங்கி முடிவு பண்ணும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகம்.

ஏஜென்ட் கிட்ட டூர் பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்லை. வருமான வரி ரிட்டர்னில் உங்க வரியோட கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும். ஆனா அதுவரைக்கும் பணம் முடங்கும், பட்ஜெட்ல அதுக்கு இடம் விடுங்க.

கடைசியா, கடன் வாங்கிப் போகலாமா?

இந்தக் கேள்வியும் வந்திருந்தது. 2 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாசம்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 9,600 ரூபாய். மொத்தம் கட்டுறது சுமார் 2,30,000. வட்டி மட்டும் 30,000 ரூபாய். அதாவது நான் தப்பான பாஸில் விட்ட பணத்துக்குச் சமம். ஒரு வித்தியாசம், நான் தெரியாம விட்டேன், லோன் எடுத்தா தெரிஞ்சே விடுவீங்க.

அதே 9,600-ஐ இன்னைக்கே ஆர்டியில் போட ஆரம்பிங்க. 21 மாசத்துல 2 லட்சம் தாண்டும், வட்டியும் உங்களுக்கு வரும். எமர்ஜென்சி ஃபண்டில் மட்டும் கை வைக்காதீங்க. மலை எங்கேயும் போயிடாது. ரிகிக்கு 1871-லிருந்து ரயில் ஓடுது, இன்னும் ரெண்டு வருஷம் உங்களுக்காகக் காத்திருக்காதா?

இன்னைக்கு உங்களுக்கு ஹோம்வொர்க்

1. உங்க பயணத்தை நாள்வாரியா ஒரு பேப்பரில் எழுதுங்க.
2. எஸ்பிபி ஆப்பில் ஒவ்வொரு பயணத்தின் முழு விலையையும் பார்த்துப் பக்கத்துல எழுதுங்க.
3. பாஸ் கவர் பண்ணாத மலைகளைத் தனியா வட்டம் போடுங்க.
4. மேலே சொன்ன ஃபார்முலாவைப் போடுங்க.
5. ஏதாவது ரெண்டு பயணத்தை, வழியில் இறங்கி ஒண்ணா சேர்க்க முடியுமான்னு பாருங்க.

மொத்தம் அரை மணி நேர வேலை. எனக்கு அந்த அரை மணி நேரத்தின் விலை 32,600 ரூபாய். உங்க கணக்குல என்ன வருதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. எங்கேயாவது இடிச்சா சேர்ந்தே சரி பண்ணிடலாம்.

அந்த மிச்சப் பணத்தை என்ன பண்றதுன்னு நான் சொல்ல மாட்டேன். எஸ்ஐபியில் போட்டாலும் சரி, அங்க ஏரிக்கரையில் உட்கார்ந்து வீட்டுக்காரரோடயோ, வீட்டுக்காரம்மாவோடயோ ஒரு காபி அதிகமா குடிச்சாலும் சரி. உழைச்சுச் சேர்த்த பணம், நீங்க முடிவு பண்ண இடத்துக்குப் போகட்டும்.

அடுத்த கட்டுரையில் சந்திக்கலாம்.